நீட்டிப் படுக்க ஓர் இரவு

தமிழில் 'இடுப்பு வலி' என்றால் முதலில் பிரசவம்தான் நினைவுக்கு வரும். "அவளுக்கு இடுப்பு வலி எடுத்துடுச்சு" என்று ஒரு வீட்டில் குரல் கேட்டால் தெருவே வண்டி பிடிக்க ஓடும். அதே சொல்லை ஐம்பது வயதுக்காரி ஒருத்தி சொன்னால் யாரும் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள். 'நோவு' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். பிள்ளை பெறும் வலிக்குப் பெயர் உண்டு, லேகியம் உண்டு, வெந்நீர் ஊற்ற ஆள் உண்டு. பெண் பெரியவளானதும் இடுப்பெலும்பு வலுக்க உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அந்த இடுப்பு நாற்பது வருடம் நட்டு, அறுத்து, நூல் ஓட்டி, துணி மடித்துத் தேய்ந்தபின் வரும் வலிக்குத் தனியாக ஒரு பெயர்கூட மொழியில் இல்லை. "இடுப்பு கழண்டு போச்சு கண்ணு" என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது ஒரு சின்னக் கேள்வி. கீழ் முதுகு வலிக்கிற பெண் இரவில் எப்படிப் படுப்பது? மருத்துவரிடம் போனால் தெளிவான பதில் கிடைக்கும். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வையுங்கள். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் வையுங்கள். குப்புறப் படுப்பதைத் தவிருங்கள். மெத்தை மிகவும் கடினமாகவும் இருக்கக் கூடாது, அமுங்கவும் கூடாது. எழும்போது நேராக நிமிராமல் ஒரு பக்கம் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். எல்லாம் நல்ல அறிவுரைகள்தான். ஆனால் இவற்றுக்கு ஒரு மெத்தை வேண்டும், கூடுதலாக ஒரு தலையணை வேண்டும், கால் நீட்ட இடம் வேண்டும், யாரும் எழுப்பாத ஏழு மணி நேரம் வேண்டும். இந்த நான்கும் பெண்களுக்கு எப்போது கிடைத்தன, எப்போது பறிபோயின என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை மடத்துக்குளத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

குனிந்த ஊர்

2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது மடத்துக்குளம் தனி வட்டமானது. அதற்கு முன் அது கோவை மாவட்டத்து உடுமலைப்பேட்டை வட்டத்தில் ஒரு பகுதி. திருப்பூர் மாவட்டம் என்றதும் பனியன்தான் எல்லோருக்கும் நினைவு வரும். மடத்துக்குளம் அமராவதி ஆற்றங்கரை ஊர். குமரலிங்கம், கொழுமம், கணியூர், காரத்தொழுவு என்று வாய்க்கால் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் இதைச் சுற்றி இருக்கின்றன. 1950களின் இறுதியில் அமராவதி அணை வந்தது. கிருஷ்ணாபுரத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வந்து கரும்பு பரவியது. பிறகு சாலையோரங்களில் நூற்பாலைகள் வந்தன. இப்போது விடிகாலையில் ஆலை வேன்கள் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. பாட்டி நட்டாள், அம்மா கரும்புக்காட்டுக்கும் போனாள், மகள் மில்லுக்குப் போகிறாள். வேலை மாறியது. வலிக்கிற இடம் மாறவில்லை.

நடவு வேலையைப் பார்த்தவர்களுக்கு அதன் உடற்கணக்கு தெரியும். முழங்கால் மடங்காமல், இடுப்பிலிருந்து உடலை இரண்டாக மடித்து, சேற்றில் பின்னோக்கி நகர்ந்தபடி பல மணி நேரம் நட வேண்டும். உழவும் வரப்பு வெட்டும் ஆண் வேலை. நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு பெண் வேலை. கூலியும் அந்தப் பிரிவுப்படிதான். கருவிகளைப் பாருங்கள். ஆண் பிடிக்கும் மண்வெட்டிக்கு நல்ல நீளமான பிடி இருக்கும். பெண் பிடிக்கும் களைக்கொத்தின் பிடி ஒரு முழத்தைத் தாண்டாது. குனிந்தோ குந்தியோதான் அதைப் பிடிக்க முடியும். வீட்டு விளக்குமாறும் அப்படித்தான். இயந்திரம் வந்தபோதும் முதலில் உழவுக்குத்தான் டிராக்டர் வந்தது. நடவு இயந்திரம் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. வந்தபோது அதன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவர் பெரும்பாலும் ஆண்.

பிடியின் நீளம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அது ஒரு போராட்டமாகவே நடந்தது. கீரை வயல்களிலும் கிழங்கு வயல்களிலும் மெக்சிகோவிலிருந்து வந்த கூலிகளுக்குக் குட்டைப் பிடி போட்ட கொத்துதான் கொடுக்கப்பட்டது. குட்டைப் பிடி இருந்தால்தான் பயிர் சேதமாகாது என்றார்கள் பண்ணைக்காரர்கள். அதில் ஒரு கண்காணிப்பு வசதியும் இருந்தது. யார் நிமிர்ந்து நிற்கிறார்களோ அவர் வேலை செய்யவில்லை என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். முதுகெலும்பு எப்படித் தேய்கிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1975இல் அந்த மாநிலம் குட்டைப் பிடிக் கொத்தைத் தடை செய்தது. நீளப் பிடி வந்ததால் கீரை விளைச்சல் நின்றுபோகவில்லை. நம் ஊரில் களைக்கொத்தின் பிடி ஏன் ஒரு முழம் என்று எந்த நீதிமன்றத்திலும் யாரும் கேட்டதில்லை. பெண் குனிவது இயல்பு என்று எல்லோரும் நம்பிவிட்ட இடத்தில் கேள்வி எழ வழியில்லை.

கட்டிலும் பாயும்

பகலில் குனிந்தவள் இரவில் எங்கே படுத்தாள்? புறநானூற்றின் 246ஆம் பாட்டு, பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. கணவன் இறந்தபின் தீயில் இறங்கப்போகிறவளைச் சான்றோர் தடுக்கிறார்கள். அவர்களுக்கு அவள் சொல்லும் பதில் அது. உயிரோடிருந்தால் கைம்பெண்ணாக என்னென்ன படவேண்டும் என்று அதில் வரும். அவற்றில் ஒன்று, பருக்கைக் கல் பரப்பிய இடத்தில் பாய்கூட இல்லாமல் படுப்பது. இந்தப் பாட்டைக் கற்புக்குச் சான்றாகக் காட்டிப் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு அது ஒரு படுக்கைச் சான்றாகவும் படுகிறது. ஒரு பெண்ணின் உடம்புக்குக் கீழே என்ன விரிக்கலாம் என்பதைச் சமூகம் தீர்மானித்தது என்பதற்குத் தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சாட்சிகளில் ஒன்று அது.

அரசியும் கல்லில் படுக்க வேண்டியிருந்த அந்த வழக்கத்தின் மிச்சங்கள் நம் வீடுகளில் நெடுநாள் இருந்தன. மாதவிலக்கு நாட்களில் தனிப் பாய், தனி மூலை. கட்டில் மேல் ஏறக் கூடாது. மாமனார், மாமியார் விழித்திருக்கும்போது மருமகள் காலை நீட்டிப் படுத்தால் அது மரியாதைக் குறைவு. எங்கள் பக்கத்து வீடுகளில் கயிற்றுக் கட்டில் வாசலில் ஆண்களுக்குக் கிடக்கும். பெண்கள் உள்ளே குழந்தைகளோடு தரையில் பாய் விரிப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்யாணத்தில் கட்டிலும் மெத்தையும் பீரோவும் பெண் வீட்டுச் சீராகத்தான் வரும். அவளுடைய அப்பா கடன் வாங்கிச் செய்த கட்டில் அது. முதல் குழந்தை பிறந்ததும் அவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரைக்கு இறங்குவாள். பிறகு கட்டிலுக்குத் திரும்புவதில்லை. அது கணவனுக்கும், பிறகு மகனுக்கும், ஊரிலிருந்து வரும் விருந்தாளிக்கும் ஆகிவிடும்.

தரையில் படுப்பதுதான் முதுகுக்கு நல்லது என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். மருத்துவர்களும் நெடுங்காலம் பலகை போலக் கடினமான படுக்கையைத்தான் பரிந்துரைத்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்தது ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வு. நாள்பட்ட கீழ் முதுகு வலி உள்ள 313 பேரில் சிலருக்குக் கடினமான மெத்தையும் சிலருக்கு நடுத்தரமான மெத்தையும் கொடுத்து 90 நாட்கள் கழித்து ஒப்பிட்டார்கள். நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்கு வலியும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. 2003இல் 'லான்செட்' இதழில் அது வெளிவந்தது. காரணம் எளிது. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் சற்றே அமிழ வேண்டும், இடை தாங்கப்பட வேண்டும். சிமென்ட் தரை எதற்கும் இடம் கொடுக்காது. அதோடு, தரையிலிருந்து எழுவதே வலிக்காரிக்குப் பெரிய வேலை. தரைதான் சுகம் என்று உணர்கிற உடம்புகளும் உண்டு. அவர்கள் தாராளமாகத் தரையில் படுக்கட்டும். தேர்ந்துகொண்ட தரைக்கும் ஒதுக்கப்பட்ட தரைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

மெத்தை வாங்க முடியாதவர்களுக்கும் சில வழிகள் உண்டு. ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து அதன்மேல் பழைய சேலைகளை அடுக்கினால் இரண்டு விரற்கடை கனம் கிடைக்கும். துண்டைச் சுருட்டி ஒருக்களித்துப் படுக்கும்போது இடைக்கும் தரைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் வைக்கலாம். இன்னொரு சேலையைச் சுருட்டி முழங்கால்களுக்கு நடுவில் வைக்கலாம். திருப்பூர்ப் பக்கத்து வீடுகளில் பனியன் வேஸ்ட் அடைத்த தலையணைகள் உண்டு. வெட்டுத்துணியின் மிச்சம் அது. ஏற்றுமதி உடுப்பைத் தைத்தவள் அதன் கழிவில் தலை வைத்துப் படுக்கிறாள். அந்தத் தலையணை ஒன்றைக் கூடுதலாகத் தனக்கென்று எடுத்துக்கொள்ளத் தயங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

படுத்திரு என்ற மருந்து

மேற்கத்திய மருத்துவம் முதுகு வலிக்குப் படுக்கையை மருந்தாக்கியதற்கும் ஒரு கதை உண்டு. 1934இல் அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் காலுக்கு இறங்கும் வலி வருகிறது என்று காட்டினார்கள். அதிலிருந்து முதுகு வலி என்றாலே வட்டுக் கோளாறு என்ற எண்ணம் பரவியது. படுத்தால் வட்டின் மேல் அழுத்தம் குறைகிறது, ஆகவே படுத்தே இருங்கள் என்றார்கள். வாரக்கணக்கில் படுக்கை ஓய்வு எழுதிக்கொடுத்தார்கள். 1986இல் டேயோவும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு நாள் ஓய்வையும் ஏழு நாள் ஓய்வையும் ஒப்பிட்டபோது ஏழு நாள் ஓய்வால் கூடுதல் பயன் எதுவும் இல்லை. 1995இல் ஃபின்லாந்தில் நடந்த ஆய்வில், வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான நடமாட்டத்தைத் தொடர்ந்தவர்களே விரைவாகத் தேறினார்கள். இன்று உலகெங்கும் மருத்துவர்கள் சொல்வது இதுதான்: நாள் முழுக்கப் படுத்துக் கிடக்காதீர்கள், மெல்ல நடமாடுங்கள், இரவில் நன்றாகத் தூங்குங்கள்.

இந்த வரலாறு நம் பெண்களைத் தொடாமலே போய்விட்டது. படுக்கை ஓய்வு மருந்தாக இருந்த ஐம்பது வருடமும் அவர்களுக்கு அது கிடைக்கவில்லை. "படுத்துட்டா" என்பது நம் வீடுகளில் ஒரு குற்றச்சாட்டு. மருந்து மாறி, நடமாடுங்கள் என்று சொல்லத் தொடங்கியபோது அது நம் மாமியார்களுக்கும் கணவர்களுக்கும் வசதியாகப் போனது. ஆய்வுகள் சொன்ன நடமாட்டம் வேறு. வலி கூடினால் நிறுத்திக்கொள்ளும் உரிமை உள்ளவருடைய நடமாட்டம் அது. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்கிற ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். செய்யவே செய்யாத ஆண்கள் இந்தக் கணக்கில் இல்லை. இந்தியாவில் அவர்கள்தான் பெரும்பான்மை.

வாசலில் விடிகிற முதுகு

தூக்கத்துக்கும் முதுகுக்கும் உள்ள உறவில் விடிகாலைக்கு ஒரு தனி இடம் உண்டு. நாம் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சிக்கொண்டு உப்புகின்றன. அதனால்தான் காலையில் எல்லோரும் மாலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கிறோம். உப்பிய வட்டு, குனியும்போது கூடுதல் இறுக்கத்துக்கு உள்ளாகிறது. 1998இல் ஸ்டோவர் ஸ்னுக்கும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் விழித்தெழுந்தபின் முதல் சில மணி நேரம் குனியாமல் இருந்தால் வலி குறைகிறது என்பது அதன் முடிவு.

நம் வீட்டுப் பெண் விழித்தெழுந்ததும் என்ன செய்கிறாள்? வாசலைக் குனிந்து கூட்டுகிறாள். குனிந்து சாணம் தெளிக்கிறாள். குனிந்து கோலம் போடுகிறாள். முதுகு எப்போது குனியக் கூடாதோ, மிகச் சரியாக அந்த நேரத்துக்குத்தான் நம் மரபு பெண்ணுக்குக் குனியும் வேலைகளை வைத்திருக்கிறது. கோலம் போடுவது இடுப்புக்கு உடற்பயிற்சி, முன்னோர் யோசித்துச் செய்தது என்று கட்டுரைகளும் மேடைப் பேச்சுகளும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவ்வளவு நல்ல உடற்பயிற்சியை ஆண்களுக்கும் ஏன் அந்த முன்னோர் வைக்கவில்லை என்று நான் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை. கோலம் அழகானது. அதை எட்டு மணிக்குப் போட்டாலும் அழகாகத்தான் இருக்கும்.

இரவின் சட்டம்

இனி அந்த ஏழு மணி நேரம். பெண்ணின் இரவைப் பற்றி இந்தியாவில் முதலில் சட்டம் பேசியது தொழிற்சாலைகள் தொடர்பாகத்தான். 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தை 11 மணியாக வரையறுத்தது. 1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு பெண்களின் இரவு வேலையைத் தடுக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின, இரவிலும் ஓட முடிந்தது. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது.

இது பெண்ணின் தூக்கத்தைக் காத்த சட்டம் என்று தோன்றும். அதன் மறுபக்கம் வேறு. மூன்று ஷிப்டும் ஓட்ட விரும்பிய முதலாளிகளுக்கு இரவில் வராத தொழிலாளி தேவைப்படவில்லை. பிரசவ விடுப்பு, குழந்தைகள் காப்பகம் என்று செலவுகளும் சேர்ந்தபோது பெண்களை எடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். இரவு வீட்டில் இருந்த பெண் தூங்கினாளா என்பதும் சட்டத்தின் கவலையாக இருக்கவில்லை. அது காத்தது அவளுடைய 'ஒழுக்கத்தை'. தொழிற்சாலை வேலைதான் தடை செய்யப்பட்டதே தவிர, இரவு வேலை அல்ல. செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் இரவில் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

இந்தப் பிரிவை எதிர்த்து ஆலைகளும் பெண் தொழிலாளர்களும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வசந்தா எதிர் இந்திய அரசு என்ற வழக்கில் 2000 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பெண் என்பதால் மட்டும் இரவு வேலையை மறுப்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. கூடவே சில நிபந்தனைகளும் விதித்தது. அவற்றில் ஒன்றை நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு: பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கோ, இரவிலிருந்து பகலுக்கோ ஒரு பெண்ணை மாற்றும்போது இடையில் தொடர்ச்சியாக 12 மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும். பெண் தொழிலாளிக்கு உறங்கும் உடம்பு ஒன்று இருக்கிறது என்பது நம் சட்ட மொழியில் தென்பட்ட அபூர்வமான இடம் அது.

சமத்துவத்தின் பேரில் திறந்த அந்தக் கதவு வழியாக வந்தது எது என்பதும் தெரிந்ததே. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருடம் வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி, கல்யாணமாகாத இளம்பெண்களை நூற்பாலைகள் விடுதிகளில் சேர்த்தன. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில் இது பரவியிருந்தது. 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு வெளியிட்ட அறிக்கை இதை உலகுக்குக் கொண்டுபோனது. விடுதி ஆலை வளாகத்துக்குள்ளேயே இருந்தது. ஆள் குறைந்தால் தூங்குகிறவளை எழுப்பி அடுத்த ஷிப்டுக்கு அனுப்ப முடிந்தது. ஷிப்ட் வாரம்தோறும் மாறும்போது உடம்பின் கடிகாரம் எதிலும் நிலைகொள்ளாது. தூக்கம் கெட்டால் வலி தாங்கும் அளவு குறைகிறது என்பதும், வலி இருந்தால் தூக்கம் கெடுகிறது என்பதும் இன்று மருத்துவம் நன்கு அறிந்த சுழல். ஸ்பின்னிங்கில் இழை அறுந்த இடத்தைத் தேடி எட்டு மணி நேரம் நடந்தபடி, குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும் பெண்ணின் முதுகு தேறுவதற்கு இருந்த ஒரே இடம் இரவுதான். அதுவும் ஆலையிடம் போனது.

பனியன் கம்பெனிகளில் கணக்கு வேறு மாதிரி. அங்கே நாளை ஷிப்டில் அளக்கிறார்கள். காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை வரை ஒரு ஷிப்ட், இரவு ஒன்பதை ஒட்டி முடிந்தால் ஒன்றரை ஷிப்ட், ஏற்றுமதிக் கெடு நெருங்கினால் முழு இரவு. தையல்காரர் முதுகுச் சாய்வில்லாத ஸ்டூலில் முன்னால் சாய்ந்து உட்காருகிறார். 1960களில் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் வட்டுகளுக்குள்ளேயே அழுத்தத்தை அளந்து பார்த்தார். நிற்பதைவிட முன்சாய்ந்து உட்காருவதில் வட்டின் அழுத்தம் அதிகம் என்று கண்டார். கைமடிப் பெண்களும் செக்கிங் பெண்களும் பிசிர் வெட்டுகிறவர்களும் நாள் முழுக்க நிற்கிறார்கள். நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழக அரசு 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. 12 மணி நேர வேலை, போகவர வேன் நேரம், வீட்டில் ஐந்து மணி நேரம் என்று கூட்டிப் பார்த்தால் தூக்கத்துக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட மந்திரிசபை தேவையில்லை.

பட்டியலில் இல்லாத நோய்

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் தொழில்சார் நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. பஞ்சுத் தூசியால் நுரையீரலுக்கு வரும் பிசினோசிஸ் அதில் இருக்கிறது. கீழ் முதுகு வலி இல்லை. பட்டியலில் இல்லாத வலியைத் தொழிலாளியே சுமக்க வேண்டும். உலகம் முழுக்க 2020இல் 61 கோடியே 90 லட்சம் பேருக்குக் கீழ் முதுகு வலி இருந்ததாகவும், ஆண்களைவிடப் பெண்களுக்கே அது அதிகம் என்றும் 2023இல் வெளியான உலகளாவிய கணிப்பு சொல்கிறது. இத்தனை பேருக்கு வரும் ஒன்றை நோய் என்று ஏற்றால் வேலையின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருக்கும். மாத்திரை கொடுப்பது மலிவு. தமிழ்நாட்டு உடுப்புத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகளைக் கொடுத்து வேலையைத் தொடரச் செய்தார்கள் என்று 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் வெளிக்கொண்டுவந்தது.

எங்கள் பக்கத்துப் பெண்களிடம் இடுப்பு வலிக்குக் காரணம் கேட்டால் பாதிப் பேர், "ஆபரேசனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதுலருந்துதான்" என்பார்கள். சிசேரியனுக்கோ குடும்பக் கட்டுப்பாட்டுக்கோ போட்ட ஊசி அது. அந்த ஊசியால் நிரந்தர முதுகு வலி வருவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான். இருந்தும் அந்தப் பெண்களின் பேச்சை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அரசும் மருத்துவமும் அவர்கள் முதுகைத் தொட்டது அந்த ஒரு முறைதான். கருத்தடை அறுவையின் சுமை முழுக்கப் பெண் மேல் விழுந்திருக்கும் மாநிலம் இது. ஆண்கள் செய்துகொள்வது நூற்றில் ஒருவர்கூட இல்லை. தன் உடம்பு வேறு யாருக்காகவோ வெட்டப்பட்டது என்ற உண்மையை அவர்கள் முதுகு ஊசி என்ற பெயரில் சொல்கிறார்கள். நாற்பது வருட நடவைக் காரணமாகச் சொன்னால் கேட்பதற்கு ஆள் இல்லை. ஊசியைச் சொன்னால் ஒரு காரணமாகவாவது ஏற்பார்கள்.

இப்படிக் கேட்க ஆளில்லாத வலி எங்கே போய் முடியும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சாட்சி. கரும்பு வெட்டப் போகும் பெண்களில் ஏராளமானோருக்கு இளம் வயதிலேயே கருப்பை அகற்றப்பட்டிருந்தது 2019இல் வெளியே வந்து, அரசு விசாரணைக் குழு அமைத்தது. வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, இடுப்பு வலி என்று போனவர்களுக்குக் கருப்பையை எடுப்பதே தீர்வாகச் சொல்லப்பட்டது. சுமையையும் கூலிப்பிடித்தத்தையும் குறைக்க யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

எதுவும் மாறாது என்று நான் சொல்ல வரவில்லை. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் பி. விஜி முன்னெடுத்த 'பெண்கூட்டு' அமைப்பின் வழியாக, வேலை நேரத்தில் உட்காரும் உரிமைக்காகப் பல வருடம் போராடினார்கள். 2018இல் கேரளம் அதைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. கால் வலிக்கிறது என்ற சொல் அவர்கள் கூடிப் பேசியபோது ஒரு சட்டப் பிரிவாக மாறியது. முதுகு வலிக்கிறது என்ற சொல்லுக்கும் அது நடக்கலாம். களைக்கொத்துக்கு நீளப் பிடி, தையல் ஸ்டூலுக்கு முதுகுச் சாய்வு, ஷிப்ட் மாறும்போது அந்த 12 மணி நேரம், தொழில் நோய்ப் பட்டியலில் ஒரு வரி. இவையெல்லாம் கேட்கக்கூடிய, எண்ணிப் பார்க்கக்கூடிய கோரிக்கைகள்.

வீட்டுக்குள் கேட்க வேண்டியவையும் உண்டு. காலில் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சலோடு வரும் முதுகு வலி இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விடிகாலையில் வாசல் கூட்ட வீட்டில் வேறு கைகளும் இருக்கின்றன. சீராக வந்த கட்டில் யாருடையது என்று ஒரு நாள் உட்கார்ந்து பேசலாம். இரவு பத்து மணிக்கு ஒரு பெண் மகனிடம், "இன்னிக்கு நீ கீழே படுத்துக்க சாமி, கட்டில்ல நான் படுத்துக்கறேன்" என்று சொல்லி, இரண்டாவது தலையணையையும் எடுத்து முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு விளக்கை அணைக்கலாம்.